ஏழாவது கேள்வி

இல்லீங்க தம்பி, அந்த ரூல் புதுசுங்க. மார்ச் மாசத்துல இருந்துதான். அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவை நேர்ல வந்தாப் போதும். அப்பறம் ஞாயித்துக்கிழமையானா ஈமெயில்ல ஒரு ஃபார்ம் வரும், ஃபில் பண்ணி அனுப்புனா மருந்து தபால்ல வூட்டுக்கே வந்துரும். இப்பத்தான் பேஷண்ட் நேர்ல வந்து, கையக் குடுத்து, நாக்க நீட்டுனாத்தான் மருந்து. அதா செவுத்துல ஒட்டியிருக்குது பாருங்க, பாதி இங்கிலீஷ் பாதி சைனீஸ். ஜெர்சி சிட்டில இருந்து வாராவாரம் லீவு போட்டுட்டு வர்றது செரமந்தானுங்க, நான் இல்லைங்கல. ஆனா திட்டறதுன்னா டாக்டரம்மாவத் திட்டாதீங்க. என்னையத் திட்டுங்க. அந்த நோட்டீசு எங்க வூட்டாலதான் வந்துது.

சொல்றேன், சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த ஃபார்ம் உங்களுக்குங்களா, உங்க வூட்டம்மாவுக்குங்களா? அதான் பாத்தேன். நானும் சித்த நேரமாப் பாத்துட்டே இருக்கறேன், கடகடன்னு டிக் போட்டுட்டே போறீங்க. அவங்க எங்க, கார்லயா? மீட்டிங்ல இருக்காங்களா. சரி, மீட்டிங்னா பதினஞ்சு நிமிசத்துல முடியப் போகுதா என்ன. அப்ப நீங்க அந்தப் பேனாவ மூடி வெய்யுங்க. அவங்க வரட்டும். எத்தனாவது கேள்வில இருக்கறீங்க? அஞ்சா. நல்லதாப் போச்சு. ஏழுக்குப் போகாதீங்க.

நான் மணியனுங்க. பிளெய்ன்ஸ்பரோவுல இருக்கறேன். ஊரு பெருந்துறைக்குப் பக்கம். நீங்க? மெட்ராஸா. பேரு அகிலனா, நல்ல பேரு. இல்ல, எங்கூட வூட்டம்மா வரல. எழிலரசின்னு பேரு. பிப்ரவரில தவறிட்டா.

அட, பரவால்லீங்க. உங்களுக்கு எப்பிடித் தெரியும். எல்லாரும் இப்பிடித்தான் சட்டுனு கீழ குனிஞ்சுக்கறாங்க, அப்பறம் ஃபோன எடுத்துக்கறாங்க. நீங்க எடுக்காதீங்க, கொஞ்ச நேரம் பேசிட்டு இருங்க. வூட்டுல பேச ஆளில்ல. பொண்ணு மானஸா ஆஸ்டின்ல இருக்கறா, தினமும் கூப்பிடுவா, சாப்டீங்களாப்பான்னு கேக்கற அந்த ஒரு வார்த்தைதான் தமிழு, மத்ததெல்லாம் இங்கிலீஷு. நானும் சாப்ட்டேன்னு சொல்லிட்டு வெச்சுருவேன்.

உங்க வூட்டம்மாவுக்கு என்னங்க தொந்தரவு? தூக்கமில்ல, கையெல்லாம் எரியுதுங்கறாங்களா. இந்த வயசுலயேவா. சரி, டாக்டரம்மா பாத்துக்குவாங்க. இந்தச் சைனீஸ் வைத்தியத்துல முதல்ல ரெண்டுல எதுன்னு பாப்பாங்க. எந்த ரெண்டா? யின்னு ஒண்ணு, யாங்னு ஒண்ணு. சிரிக்காதீங்க, நானுந்தான் சிரிச்சேன். கறுப்பும் வெள்ளையுமா ஒரு வட்டம் இருக்குமே, பசங்க டீஷர்ட்ல போட்டுட்டுத் திரியறது, அதைப் போயி வைத்தியங்கறாங்களேன்னு. நான் யாரு, ஃபார்மா கம்பெனில வேலிடேஷன்ல இருபத்தெட்டு வருசம் இருந்தவன். ஒரு மிஷின் ஓடுதுன்னா, ஓடுதுன்னு வாயில சொன்னா நாங்க நம்ப மாட்டோம். பக்கத்துல நின்னு பாக்கோணும், பாத்ததை எழுதோணும், கீழ கையெழுத்து, தேதி. பாக்காததை எழுதுனா வேலை போயிரும். அந்த மாதிரி ஆளு நானு.

ஆனா டாக்டரம்மா சொன்னவுடனே புரிஞ்சுதுங்க. டாக்டர் யுவான்னு பேரு அவங்களுக்கு, சூப் சட்டிய வெச்சுச் சொன்னாங்க, நான் மனசுக்குள்ள சோத்துப் பானைன்னு மாத்திக்கிட்டேன். அடுப்புல பானை இருக்குது. உள்ள தண்ணி, கீழ தீ. தண்ணிதான் யின்னு, தீதான் யாங்கு. பானை சுடுதுன்னா நாம என்ன சொல்லுவோம்? தீ ஜாஸ்தியாயிருச்சும்போம். அவங்க கேக்கறாங்க, ஏன், தீ அதே அளவுதான் இருக்குது, உள்ள தண்ணி கொறஞ்சு போச்சுன்னாலும் பானை சுடுமில்ல? சுடும். சத்தியமாச் சுடும், அடி புடிக்கும். அதுதான் யின் கொறைச்சல். அந்த மாதிரி ஆளுக்கு உள்ளங்கை உள்ளங்கால் எரியும், படுத்தா வேர்க்கும், வாயி காயும் ஆனா ஒரு மடக்குக்கு மேல குடிக்க மாட்டாங்க, கன்னம் செவந்து கெடக்கும், நாக்கு மேல வெள்ளை படியாம செவப்பா இருக்கும். இதுக்கு எதிர்ப்பக்கம் யாங் கொறைச்சல். தண்ணி இருக்குது, தீ இல்ல. கை கால் சில்லுனு இருக்கும், ஆளு வெளுத்துரும், சுருண்டு படுக்கும், சுடுதண்ணி கேக்கும், கால்ல நீரு கோத்துக்கும், எப்பப் பாத்தாலும் அசதி. ஒருத்தருக்குக் குடுக்கற மருந்த இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது. தண்ணி இல்லாத பானைக்குத் தண்ணி ஊத்தலாம். தீயே இல்லாத அடுப்புல மேல மேல தண்ணிய ஊத்துனா என்னாகும்? ஆமா. அவ்வளவுதான் விசயம். எனக்கு இது நல்லாத் தெரியும் தம்பி. நல்லாத் தெரிஞ்சு வெச்சிருந்தேன்.

எழிலுக்கு யின் கொறைச்சல். அம்பது வயசுல ஆரம்பிச்சுது. பொம்பளைங்களுக்கு அந்த வயசுல வர்றதுதான்னாங்க. ஆனா அவளுக்கு வந்தது அப்பிடி இப்பிடி இல்ல. நின்னுட்டே இருப்பா, திடீர்னு கழுத்துல இருந்து மேல செவந்துரும், வேர்வை கொட்டும். இந்தியன் ஸ்டோர்ல வெண்டைக்காய் பொறுக்கிட்டு இருந்தவ கூடையப் போட்டுட்டு ஃப்ரீஸர் கதவத் தொறந்து தலைய உள்ள விட்டுட்டு நின்னா ஒருநாள். நான் பக்கத்துல நின்னு பரோட்டா தேடற மாதிரி நடிச்சேன். அப்பறம் ரெண்டு பேரும் கார்ல உக்காந்து சிரிச்சோம்.

நாங்களும் நம்ம வைத்தியமெல்லாம் பண்ணுனோமுங்க. வெந்தயம் ஊறவெச்சுக் குடுத்தேன், மோரு, வெள்ளரிக்கா, டப்பாவுல வர்ற எளநீ. படுக்கறதுக்கு முன்னாடி உள்ளங்கால்ல வெளக்கெண்ணெய் தடவி வுடுவேன். ஆமா, நாந்தான். அவளுக்குக் குனிஞ்சு தடவ முடியாது, முட்டி வலி. அப்ப அவ காலு எப்பிடி இருக்குங்கறீங்க, இஸ்திரி போட்டு வெச்ச துணி மாதிரி இருக்கும். அதனால அவ காலு எந்த நாள்ல எவ்வளவு சூடுன்னு அவளை வுட எனக்குத்தான் தெரியும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

வூட்டுச் சூட்ட ஏத்தி எறக்கற தெர்மோஸ்டாட்டுக்குத்தான் எங்களுக்குச் சண்டை. நான் குளுருக்கு ஆகாதவன். இந்த ஊருக்கு வந்து இருபத்தஞ்சு விண்டர் ஆச்சு, இன்னும் அக்டோபர்லயே உள்ள தெர்மல் போட்டுக்குவேன். ஃபாரன்ஹீட்ல எனக்கு எழுவத்திரெண்டு வேணும், அவளுக்கு அறுவத்திரெண்டு. நான் ஏத்தி வுட்டுட்டுப் போவேன், அவ எறக்கி வுட்டுட்டுப் போவா. ஜனவரியில ஜன்னலத் தொறந்து வெச்சுட்டு ஃபேன ஃபுல்லுல போட்டா மனுசன் என்ன பண்ணுவான். மானஸா காலேஜுக்குப் போனதும் அவ ரூம் காலியாச்சு. எழில் ஒருநாள் தலகாணிய எடுத்துட்டு அங்க போயிட்டா. சண்டையெல்லாம் இல்லீங்க. நீங்க நல்லாத் தூங்குங்க, உங்களையும் சேத்து ஏன் கஷ்டப்படுத்தோணும்னுதான் போனா. ஒரு வாரம்னு நெனச்சேன். ஆறு வருசம்.

ம்? இல்ல, நான் ஒண்ணும் சொல்லல. என்னன்னு சொல்றது. வான்னு கூப்பிடறதோ, வரட்டுமான்னு கேக்கறதோ எங்க ரெண்டு பேருக்கும் பழக்கமில்ல. வெளக்கெண்ணெய் தடவி வுடுவேன், லைட்ட அணைச்சுட்டு என் ரூமுக்கு வந்துருவேன். அந்த ஃபேன் சத்தம் செவுத்துக்கு அக்கட்ட இருந்து கேட்டுட்டே இருக்கும். உங்களுக்குக் கல்யாணமாயி எத்தனை வருசங்க? நாலா. உங்களுக்கு இது புரிய நாளாகும். புரியாமயே போனாலும் நல்லதுதான்.

போன வருசம் ஜூன்ல, கூட வேலை செஞ்ச ஒருத்தரு சொல்லி இங்க வந்தோம். டாக்டரம்மா முக்கா மணி நேரம் கேள்வி கேட்டாங்க. மூணு வெரல வெச்சு நாடி பாத்தாங்க, ரெண்டு கையிலயும். யின் ரொம்ப வத்திப் போச்சுன்னாங்க. உங்க ரெகுலர் டாக்டர்கிட்டயும் ப்ளட் டெஸ்ட் பண்ணுங்கன்னாங்க, பண்ணுனோம், அப்ப எல்லாம் நல்லாத்தான் இருந்துது. அப்பறம் டாக்டரம்மா எழிலப் பாக்காம என்னையப் பாத்து ஒண்ணு சொன்னாங்க. மிஸ்டர் மணியன், நான் குடுக்கறது குளுத்தற மருந்து. தண்ணி ரொம்ப நாள் வத்திக் கெடந்த எடத்துல சில சமயம் தீயும் சேந்து அணைஞ்சுரும். அப்பிடி ஆச்சுன்னா முதல்ல காலுதான் காட்டிக் குடுக்கும். இன்னைக்கு எரியற காலு என்னைக்குச் சில்லுனு ஆகுதோ அன்னைக்கே எனக்குக் கூப்பிடுங்க, மருந்த நிறுத்துங்க. அப்பறம் ஹார்ட்டப் பாக்கச் சொல்லுவேன். இந்த ஃபார்ம்ல எனக்கு எல்லாத்தையும் வுட ஏழாவது கேள்விதான் முக்கியம்னாங்க.

பாருங்க உங்க கையில. ஏழாவது. கை கால் எப்பிடி இருக்குது, சூடு, நார்மல், சில்லிப்பு. மூணே கட்டம்.

ஃபார்ம் நாந்தான் ஃபில் பண்ணுவேன். அவளக் கேட்டா, நீங்களே போடுங்க, உங்களுக்குத்தான் கட்டம் போட்ட காயிதம்னா உசுராச்சேம்பா. ஞாயித்துக்கிழமை காலைல காபி குடிச்சுட்டு உக்காருவேன். வேலைல இருந்த மாதிரியே கேட்டுக் கேட்டுப் போடுவேன். எத்தனை தடவை வேர்த்துது, தாகம் எப்பிடி. அவ சமையல்கட்டுல இருந்தே கத்துவா, ஏனுங்க, எத்தனை தடவைன்னு எண்ணிட்டா வேர்ப்பாங்க. ஆகஸ்ட்ல கொறைய ஆரம்பிச்சுது. செப்டம்பர்ல நல்லாவே கொறைஞ்சுது. டாக்டரம்மா சந்தோஷப்பட்டாங்க, இனி நேர்ல வரவேண்டாம், ஃபார்ம் போதும்னாங்க. நவம்பர்ல சூடுங்கறதே இல்ல.

நவம்பர் கடைசில தேங்க்ஸ்கிவிங் லீவு, அந்தச் சனிக்கிழமை ராத்திரி வெளக்கெண்ணெய் தடவப் போறேன், காலு சில்லுனு இருக்குது.

இதைக் கேளுங்க. நம்மூர்ல குளுந்துருச்சுன்னா அது நல்ல வார்த்தை இல்லீங்களா? சூடு தணிஞ்சுருச்சு, உடம்பு குளுந்துருச்சு, மனசு குளுந்துருச்சும்போம். சூட்டைத்தான் வியாதிம்போம். குளுந்து போன உடம்ப வியாதின்னு நம்ம பக்கம் யாராவது சொல்லிக் கேட்டிருக்கறீங்களா? நானும் அப்பிடித்தான், அப்பாடா குளுந்துருச்சுன்னு மறுநாள் காலைல நார்மல்னு டிக் போட்டுட்டேன். அடுத்த வாரமும் போட்டேன். அவங்க பாட்டுக்கு அதே குளுத்தற மருந்த அனுப்பிட்டே இருந்தாங்க. இதைத்தான் எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கறேன். பொண்ணுகிட்ட, மச்சானுங்ககிட்ட, ஆஸ்பத்திரியில. எல்லாரும் நீங்க இப்பச் சொல்ற மாதிரியேதான் சொன்னாங்க. தெரியாமப் பண்ணுனதுங்க அங்கிள், யாரா இருந்தாலும் அப்பிடித்தான் நெனச்சிருப்பாங்க. கேக்க நல்லாத்தான் இருக்குது.

எப்பிடித் தவறுனாளா? பிப்ரவரி ரெண்டாவது வாரம், வியாழக்கிழமை மத்தியானம். ட்ரையர்ல இருந்து துணி எடுத்துட்டு இருந்தா. அப்பவெல்லாம் ட்ரையர் நின்னதும் ஓடிப் போயி அந்தச் சூட்டுத் துண்டுங்கள அள்ளி நெஞ்சோட கட்டிக்கிட்டு நிப்பா. கொழந்தையத் தூக்கி வெச்சிருக்கற மாதிரி. என்னடி பண்றேன்னா, சித்த இருங்க, சூடு ஆறட்டும்பா. அன்னைக்கும் அப்பிடித்தான் கட்டிட்டு நின்னிருக்கறா. நான் மேல ரூம்ல ஃபோன் பேசிட்டு இருந்தேன். சத்தம் கேட்டு எறங்கி வந்தா துண்டு மேலயே சாஞ்சு கெடக்கறா. ஆம்புலன்ஸ் ஏழு நிமிசத்துல வந்துது. துண்டு இன்னும் சூடா இருந்துது, அவதான் சில்லுனு இருந்தா.

ஹார்ட் பம்ப் பண்றது ரொம்ப வீக்காயிருந்துச்சுன்னாங்க. கொஞ்சம் கொஞ்சமா மாசக்கணக்குல ஆயிருக்கோணும்னாங்க. கை கால் சில்லிப்பு, கால் வீக்கம், அசதி, இதெல்லாம் எத்தனை நாளா இருந்துதுன்னு அந்த ஹார்ட் டாக்டர் கேட்டாரு. ஒரு ரெண்டு வாரமா இருக்கும்னேன். அவரு பாவம், சின்ன வயசு, உங்க வயசு இருக்கும். ரெண்டு வாரத்துல இப்பிடி ஆகறது ரொம்ப அபூர்வமுங்க சார், மூணு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா மாத்திரை இருக்குதுன்னாரு. தோள்ல கை வெச்சாரு.

டாக்டர் யுவான் எழில வெச்சிருந்த ஃப்யூனரல் ஹோமுக்கு வந்தாங்க. வெள்ளைப் பூவு கொண்டுட்டு வந்து மூணு தடவை குனிஞ்சாங்க. என் கையப் புடிச்சுட்டு, நான் அவங்களை வரச் சொல்லிப் பாத்திருக்கோணும், ஃபார்ம நம்பியிருக்கக் கூடாது, என் தப்புன்னு அழுதாங்க. ஆமா, உள்ள இருக்கற அதே அம்மாதான். முப்பது வருசமா வைத்தியம் பாக்கறவங்க. மார்ச்சுல அந்த நோட்டீச ஒட்டிட்டாங்க. இனி நேர்ல பாக்காம யாருக்கும் மருந்தில்ல. தபால்ல வாங்கிட்டு இருந்த பாதிப் பேரு வேற எடத்துக்குப் போயிட்டாங்கன்னு அந்த ரிசப்ஷன் பொண்ணு சொன்னா. டாக்டரம்மா இப்பவெல்லாம் நாடியப் புடிச்சா வுடறதில்ல, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆகுதுன்னா. நீங்க இவ்வளவு நேரமா உக்காந்திருக்கறதும் அதனாலதான்.

நான் அஞ்சாவது தடவையா வர்றேனுங்க. பேஷண்ட்டாத்தான் வர்றேன், வேற எப்பிடி உள்ள வுடுவாங்க. அவங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு வர்றேன், உங்க தப்பில்லீங்கன்னு. சொல்ல வாயெடுத்தா அவங்க முதல்ல நாக்க நீட்டுங்கறாங்க. நாக்க நீட்டிட்டு என்னத்தச் சொல்றது. எனக்கு யாங் கொறைச்சலாம், தீ அணையற மாதிரி இருக்குதாம், மனசு வுட்டுட்டா அப்பிடி ஆகுமாம். படுக்க வெச்சு, அங்கங்க ஊசி குத்தி, கால்கிட்ட ஒரு லேம்ப கொண்டாந்து நிறுத்துவாங்க. செவப்பா எரியும். அந்தச் சூடு உள்ளங்கால்ல படும். அவ்வளவுதான், நான் மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்குவேன். அவங்க ஊசி வலிக்குதான்னு கேப்பாங்க. நோ நோம்பேன். இப்பிடியே நாலு தடவை போச்சு.

இன்னைக்கு அந்த ஃபார்மெல்லாம் பிரிண்ட் எடுத்துக் கொண்டுட்டு வந்திருக்கறேன். இதா, இந்தக் கவர்ல. தேங்க்ஸ்கிவிங்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பதினோரு ஞாயித்துக்கிழமை. பதினொண்ணுலயும் ஏழாவதுக்கு நார்மல்.

நான் உங்ககிட்டச் சொன்னேனில்ல, குளுந்துருச்சுன்னா நல்லதுன்னு நெனச்சேன்னு. பொய்யுங்க. ஒரு பத்து நிமிசம் அப்பிடி நெனச்சிருப்பேன். டாக்டரம்மா என் மூஞ்சியப் பாத்துச் சொன்னது எனக்கு மறக்குமா? வேலிடேஷன்காரன் நானு. முதல் ஞாயித்துக்கிழமையே தெரியும், அந்தக் கட்டம் சில்லிப்புன்னு. மூணாவது கட்டத்து மேல மவுச வெச்சேன். எடுத்து நடுவுல வெச்சேன்.

ஏன்னா அந்த வாரந்தான் எழில் தலகாணியத் தூக்கிட்டு என் ரூமுக்கு வந்தா.

குளுருதுங்க, சித்த தள்ளிப் படுங்கன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஆறு வருசத்துக்கு அப்பறம், ஏதோ பாத்ரூம் போயிட்டு வந்த மாதிரி வந்து கம்போர்ட்டர் போர்வைக்குள்ள நுழைஞ்சு அந்த ரெண்டு காலையும் கொண்டாந்து என் கெண்டைக்கால்ல வெச்சா. ஐஸு. அப்பிடியே தூக்கி வாரிப் போட்டுது. அவ சிரிச்சா. நான் நகரல தம்பி. அந்தக் குளுரு எனக்கு அவ்வளவு நல்லா இருந்துது. குளுருக்கு ஆகாத ஆளு நானு, காலையில வரைக்கும் அப்பிடியே கெடந்தேன், நகந்தா எடுத்துருவாளோன்னு. தெர்மோஸ்டாட் எழுவத்திரெண்டுல இருந்துது, யாரும் எறக்கல. அந்த ஃபேன் சத்தம் இல்ல.

மருந்த நிறுத்துனா, டாக்டரம்மா சூடு குடுத்தா, மறுபடியும் அவளுக்கு எரிய ஆரம்பிச்சுரும், தலகாணியத் தூக்கிட்டு அந்த ரூமுக்குப் போயிருவா. அதுதான் எம் மனசுல இருந்துது. வேற ஒண்ணுமே இல்ல. இந்த வாரம் மட்டும், அடுத்த வாரம் கண்டிப்பா உள்ளதைப் போட்டுரலாம்னு நெனப்பேன். கிறிஸ்துமஸ் வந்துச்சு, மானஸா வந்தா, அம்மா ஸ்வெட்டர் போட்டுட்டு நிக்கறதைப் பாத்து அசந்து போயிட்டா. அப்பா, ஈஸ் ஷி ஓகேன்னா. எழில் வாயத் தொறக்கறதுக்குள்ள நான் சொன்னேன், விண்டர்ல அப்பிடித்தான் கண்ணுன்னு. ஜனவரியில அவ சாக்ஸ் கழட்டுனா கணுக்கால் வீங்கிப் பள்ளம் வுழுந்து கெடக்கும். அதையும் பாத்தேன். பாத்ததைத்தானே எழுதோணும், அந்தப் பொழப்புத்தானே பொழைச்சேன்.

இல்லீங்க, வேண்டாம், டிஷ்யூ இருக்குது எங்கிட்ட. ஆளு தெரியாதவரா இருந்தாத்தான் வாயில வருது. புது மிஷின ஓட்டறதுக்கு முன்னாடி நாங்க ஒருக்கா சும்மா ஓட்டிப் பாப்போம், அந்த மாதிரின்னு வெச்சுக்குங்க. உள்ள போயி ரெண்டாந்தடவை சொன்னாப் போதும் இப்ப. பாவம் அந்தம்மா, நாலு மாசமா தூங்கறாங்களோ இல்லியோ.

அதா, கூப்பிடறா அந்தப் பொண்ணு. மேனியன்தான் அவளுக்கு நானு. உங்க வூட்டம்மாவும் கார்ல இருந்து எறங்கறாங்க பாருங்க, நீலச் சுடிதாரு, அவங்கதானே? இருங்க, அந்தக் கவர எடுத்துக்கறேன்.

ஜனவரி கடைசியில ஒருநாள், கால என்மேல வெச்சுட்டே கேட்டா. ஏனுங்க, காலு இப்பிடிச் சில்லுனு கெடக்குதே, டாக்டரம்மாகிட்டச் சொன்னீங்களான்னு. சொல்லீட்டேன் சாமி, அது நல்லதுதான்னாங்க, கம்முனு தூங்குன்னேன். சரின்னு தூங்கிட்டா.

பேனா கீழ வுழுந்துருச்சு பாருங்க, எடுத்துக்குங்க. ஏழாவதை அவங்களக் கேட்டுட்டுப் போடுங்க தம்பி. சாக்ஸக் கழட்டச் சொல்லி ஒருக்கா தொட்டுப் பாத்துட்டுப் போடுங்க.